திரையில் டாக்டர், வீட்டில் நோயாளி: சிஸ்டர் பதில்கள்

போன இதழில் ஓரமாக ஒரு வரி போட்டிருந்தேன், புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் வீடியோ காலில் டாக்டரிடம் பேசுவது பற்றி ஏதாவது கேட்க வேண்டுமென்றால் எழுதுங்கள் என்று. குவிந்துவிட்டது. தாராவி, செம்பூர், மாட்டுங்கா, கல்யாண், வாஷி என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்திருக்கிறது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், பெயர்களை எடுத்துவிட்டேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு தகவல்: நான் டாக்டர் இல்லை. மும்பையில் கீமோ வார்டிலும் அப்புறம் ஓபிடியிலுமாக (வெளிநோயாளிகள் பிரிவு) இருபத்தெட்டு வருடம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருந்தை மாற்று, நிறுத்து என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் டாக்டரின் வேலை.

சிஸ்டர், அப்பாவுக்கு 63 வயது. கன்னத்தில் புற்றுநோய். டாட்டா மெமோரியல் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்து முப்பது நாள் கரண்ட் (ரேடியேஷன்) வைத்தார்கள். முடிந்து நாலு மாதம் ஆகிறது. எங்கள் ரூமில் இடம் இல்லை என்று ஊருக்கே, அம்பாசமுத்திரம் பக்கம், அனுப்பிவிட்டோம். ஒவ்வொரு செக்கப்புக்கும் ஒன்றரை நாள் ரயிலில் வந்து, பத்து நிமிஷம் டாக்டரைப் பார்த்துவிட்டு, திரும்ப ஒன்றரை நாள். எல்லாவற்றையும் போனிலேயே பார்த்துக்கொள்ள முடியாதா?
(தாராவி வாசகர்)

எல்லாவற்றையும் முடியாது தம்பி. பாதியை முடியும். எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வாய், தொண்டைப் புற்றுநோய் திரும்ப வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வரும். அதைக் கண்டுபிடிப்பது ஸ்கேன் மட்டும் இல்லை, டாக்டரின் விரல். கழுத்தைத் தடவிப் பார்ப்பார், நாக்குக்கு அடியில் அழுத்திப் பார்ப்பார், தையல் போட்ட இடம் கல் மாதிரி இருக்கிறதா மெத்தென்று இருக்கிறதா என்று பார்ப்பார். இதை எந்தப் போனும் செய்யாது. அதனால் அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: இந்த வருடத்துக்குள் வர வேண்டிய தேதிகளில் எதற்கெல்லாம் உங்கள் கை வேண்டும், எதற்கெல்லாம் பேசினால் போதும்? கேட்டால் சொல்லிவிடுவார்கள். கேட்காதவர்களுக்குத்தான் எல்லாத் தேதிக்கும் 'வாங்க' என்று எழுதிப் போகும். இன்னொரு வழியும் இருக்கிறது. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டை டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து நாலு வரி எழுதித் தந்தால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு மும்பை டாக்டரிடம் வீடியோவில் பேசலாம். இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கழுத்தில் கரண்ட் வைத்தவர்களுக்குத் தைராய்டு மெல்ல மெல்லக் குறையும், அதற்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனையை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் ஒரு தடவை அம்பாசமுத்திரத்திலேயே எடுத்துவிடலாம். அதற்காக யாரும் ரயில் ஏற வேண்டாம்.

வீடியோ அன்றைக்கு அப்பா பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது முக்கியம். நான் பார்த்த ஒரு வீடியோ காலில் போனை ஹார்லிக்ஸ் பாட்டிலில் சாய்த்துவைத்திருந்தார்கள், பின்னால் ஜன்னல். டாக்டருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கறுப்பு நிழலும் இரண்டு காதும்தான். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இல்லை. வாய்க்குள் காட்ட ஒருவர் டார்ச் பிடிக்க வேண்டும், இன்னொருவர் எவர்சில்வர் ஸ்பூனின் காம்பால் கன்னத்தை ஒதுக்க வேண்டும், மூன்றாவது ஆள் போன். இதை முதல் நாள் சாயங்காலம் ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடுங்கள், நாலு போட்டோவும் எடுத்துவையுங்கள், ஏனென்றால் ஊரில் நெட்வொர்க் சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் படுத்துவிடும். அப்புறம் அப்பாவை வாயைத் திறக்கச் சொல்லி அவர் விரல்களையே பல்லுக்கு நடுவில் செங்குத்தாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணமாக மூன்று விரல் போகும். போன மாதம் இரண்டரை போனது இப்போது ஒன்றரைதான் போகிறது என்றால் அது டாக்டர் கேட்க வேண்டிய செய்தி. எடையும் அப்படித்தான். வாரம் ஒரு நாள், ஒரே மிஷின், ஒரே மாதிரி உடுப்பு. ரேஷன் கடைத் தராசில் ஒரு வாரம், டாக்டர் வீட்டு மிஷினில் ஒரு வாரம் என்று பார்த்தால் அந்தக் கணக்கால் பிரயோஜனம் இல்லை.

புகையிலை, பான், குட்கா எல்லாம் நின்றுவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. வீடியோவில் டாக்டர் கேட்பார், அப்பா 'எப்பவோ விட்டாச்சு' என்பார். பக்கத்தில் இருக்கிற அம்மா முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரயில் பற்றி ஒன்று. சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் போகிற புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, துணைக்கு வருகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். நேரில் வர வேண்டிய தேதிகளுக்கு இதை விட்டுவிடாதீர்கள். இத்தனை வருடம் ஆகியும் பாதிப் பேர் முழுக் காசு கொடுத்துத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டாவது கீமோ போட்டு ஒன்பதாவது நாள், சனிக்கிழமை ராத்திரி காய்ச்சல். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வீடியோ அப்பாயின்ட்மென்ட் இருந்ததால் டோலோ கொடுத்துப் படுக்க வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மயக்கமாகி, ஐசியூ வரைக்கும் போய் வந்தோம். நாங்கள் செய்தது தப்பா?
(செம்பூர் வாசகி)

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்கள் இல்லையா, அதனால் சொல்கிறேன். ஆமாம், தப்புதான். ஆனால் உங்கள் தப்பு மட்டும் இல்லை. திங்கட்கிழமை அப்பாயின்ட்மென்ட் கொடுத்தவர்கள், நடுவில் காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் ஃபைலின் மேல் அட்டையிலேயே எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

கீமோ போட்ட ஏழாவது நாளிலிருந்து பதினாலாவது நாள் வரை, மருந்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே, உடம்பில் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்துவிடும். கிருமியோடு சண்டை போட ஆள் இல்லை. சண்டை போட ஆள் இல்லாததால் சளி, சீழ், வலி எதுவும் பெரிதாக வெளியே தெரியாது, காய்ச்சல் ஒன்றுதான் தெரியும். அந்த ஒரே அடையாளத்தை டோலோ போட்டு நீங்கள் அழித்துவிட்டீர்கள். தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் மருத்துவமனை எண்ணுக்குப் போன் செய்துகொண்டே கிளம்பிவிட வேண்டும். குளிர் நடுக்கம் இருந்தால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் கிளம்பலாம். கேஷுவால்டியில் போய் நின்றதும் முதல் வார்த்தையாக 'கீமோ போட்டு ஒன்பதாவது நாள், காய்ச்சல்' என்று சொல்லுங்கள், அந்த வரிசை முக்கியம். வெறும் காய்ச்சல் என்றால் பெஞ்சில் உட்கார வைப்பார்கள். கீமோ என்ற வார்த்தை காதில் விழுந்தால் ரத்தம் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி ஏற்றப் பார்ப்பார்கள். பெரிய மருத்துவமனை தூரம் என்றால் பக்கத்தில் எது இருக்கிறதோ அதற்குப் போங்கள், ஃபைலை எடுத்துக்கொண்டு. வண்டி கிடைக்கவில்லை என்றால் 108.

இதில் வீடியோவுக்கு வேலையே இல்லை. 2020 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த டெலிமெடிசின் வழிகாட்டுதலிலேயே அவசர நிலை என்றால் நோயாளியை நேரில் வரச் சொல்ல வேண்டும் என்றுதான் இருக்கிறது. காய்ச்சல் மாதிரியே இன்னும் சில உண்டு: நிற்காத வாந்தி பேதி, மூச்சுத் திணறல், நிற்காத ரத்தக் கசிவு. அப்புறம் பலரும் கவனிக்காத ஒன்று, முதுகில் புதிதாக வலி வந்து கூடவே கால் துவண்டு போவது அல்லது மூத்திரம் வராமல் போவது. தண்டுவடம் அழுந்தினால் அப்படி வரும். ஒரு நாள் தாமதித்தால் கால் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

தொட்டுப் பார்த்துச் சொல்கிற காய்ச்சல் வேண்டாம். இருநூறு முந்நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

எங்கள் அம்மாவுக்கு (71) என்ன வியாதி என்று நாங்கள் சொல்லவில்லை. வயிற்றில் புண் என்று சொல்லியிருக்கிறோம். நேரில் போகும்போது அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு அண்ணன் மட்டும் உள்ளே போய்ப் பேசுவார். இப்போது வீடியோவில் டாக்டர் ஸ்பீக்கரில் 'கேன்சர்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?
(மாட்டுங்கா வாசகி)

இந்த மாதிரி எட்டுக் கடிதம் வந்திருக்கிறது. நம்ம ஆட்கள் வீட்டில் இது புதிது இல்லை. என் சித்தியிடம் நாங்களும் இப்படித்தான் செய்தோம், நர்ஸாக இருந்துகொண்டே. கடைசியில் பார்த்தால் கீமோ அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாள் முதல் நாளே சித்தியிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். சித்தி எங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே என்று எட்டு மாதம் தெரியாத மாதிரி இருந்திருக்கிறாள்.

முடி கொட்டி, மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஊசி ஏற்றிக்கொண்டு வருகிற ஒரு பெண்மணி இதை வயிற்றுப் புண் என்று நம்புவார் என்று நினைக்கிறீர்களா? உங்கள் அம்மாவுக்குத் தெரியும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவர் கேட்காமல் இருப்பதும் அவருக்குத் தெரியாமல் இருப்பதும் ஒன்று இல்லை.

முதலில், டாக்டருக்குத் தெரியாமல் நாடகம் நடத்தாதீர்கள். கால் வருவதற்கு முதல் நாளே ஒருங்கிணைப்பாளருக்கோ டாக்டரின் உதவியாளருக்கோ ஒரு செய்தி அனுப்புங்கள், அம்மாவுக்கு இவ்வளவுதான் சொல்லியிருக்கிறோம் என்று. நல்ல டாக்டர்கள் இதை ஆயிரம் தடவை பார்த்தவர்கள். அம்மாவிடமே 'உங்கள் உடம்பைப் பற்றி உங்களிடம் சொல்லவா, பையனிடம் சொல்லவா?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை அம்மா காதில் விழ விடுங்கள். பையனிடமே சொல்லுங்கள் என்று அவர் சொன்னால் அது அவர் முடிவு, உங்கள் மனசாட்சிக்கும் நிம்மதி. என்னிடமே சொல்லுங்கள் என்றால், வார்டில் யாரோ ஒருத்தி சொல்லித் தெரிவதைவிட நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது தெரிவது மேல் இல்லையா? தயவுசெய்து போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடாதீர்கள். ஒரு ரூம் வீட்டில் பால்கனிக்கு ஓடுகிற பையனைப் பார்த்தாலே அம்மாவுக்குப் பாதி புரிந்துவிடும்.

டாக்டர் இந்தியிலும் இங்கிலீஷிலும் பேசுகிறார், மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான். நான்தான் நடுவில். அவர்கள் எல்லாவற்றுக்கும் 'பரவாயில்லம்மா, நல்லாருக்கேன்னு சொல்லு' என்கிறார்கள். ராத்திரி முழுக்கத் தூங்குவதில்லை. நான் என்ன சொல்ல?
(வாஷி வாசகி)

நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். 'அத்தை நல்லாருக்கேன்னு சொல்லச் சொல்றாங்க, ஆனால் நேற்று ராத்திரி மூன்று தடவை எழுந்து உட்கார்ந்தாங்க, காலையில் இட்லி பாதிதான் சாப்பிட்டாங்க' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அத்தையின் மரியாதையும் கெடாது, டாக்டருக்கும் செய்தி போய்ச் சேரும். நேரில் போகும்போது அவர்கள் நடந்து வருகிற நடையைப் பார்த்தே டாக்டர் பாதி தெரிந்துகொள்வார். வீடியோவில் தோளுக்கு மேலேதான் தெரிகிறது, அதுவும் பவுடர் போட்டுப் பொட்டு வைத்து உட்கார்ந்திருப்பார்கள். மிச்சத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கடையில் பத்து ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தேதி போட்டு எழுதுங்கள். என்ன சாப்பிட்டார்கள், எத்தனை தடவை வெளியே போனார்கள், வலி பத்துக்கு எத்தனை, வாய்ப்புண் இருக்கிறதா, உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து எரிகிறதா. கேபசிட்டபின் என்ற கீமோ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கடைசியில் சொன்னது கட்டாயம் பார்க்க வேண்டும், செருப்புப் போட முடியாத அளவுக்கு ஆன பிறகு சொல்லுகிறவர்கள்தான் அதிகம்.

இந்த நோட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்று ஒரு கணக்கு இருக்கிறது. நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 766 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், முடிவை 2017ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் தங்களுக்கு என்ன தொந்தரவு என்பதைக் கம்ப்யூட்டரில் அவ்வப்போது பதிந்தார்கள், தொந்தரவு கூடினால் நர்ஸுக்கு மின்னஞ்சல் போகும். இன்னொரு பிரிவினர் வழக்கம்போல டாக்டரைப் பார்க்கும்போது சொன்னார்கள். பதிந்தவர்கள் நடுத்தரக் கணக்கில் 31.2 மாதம் உயிரோடு இருந்தார்கள், மற்றவர்கள் 26 மாதம். ஐந்து மாத வித்தியாசம். புது மருந்து ஒன்றும் இல்லை, சொன்னதும் யாரோ கேட்டதும்தான். (மின்னஞ்சலைப் பார்த்துப் போனை எடுத்தவர்கள் நர்ஸுகள். சும்மா சொல்லி வைக்கிறேன்.)

அதனால் மருத்துவமனையிலிருந்து போனில் வருகிற அந்தக் கேள்விப் பட்டியலை 'இல்லை இல்லை இல்லை' என்று தட்டிவிட்டுப் போகாதீர்கள்.

கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய், முற்றிவிட்டது. மார்ஃபின் மாத்திரையில்தான் வலி அடங்குகிறது. வீடியோவில் டாக்டர் மற்ற எல்லா மருந்தும் எழுதித் தருகிறார், மார்ஃபினை மட்டும் எழுத மாட்டேன் என்கிறார். கல்யாணிலிருந்து இதற்காக அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

அவரைத் தூக்க வேண்டாம் அம்மா. டாக்டர் மேலும் கோபப்படாதீர்கள், அவர் கையைச் சட்டம் கட்டியிருக்கிறது. நான் மேலே சொன்ன அதே டெலிமெடிசின் வழிகாட்டுதலில், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிற மருந்துகளையும் ஷெட்யூல் எக்ஸ் என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளையும் போனிலோ வீடியோவிலோ எழுதித் தரக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள். மார்ஃபின் அந்தத் தடையில் வருகிறது. வலியோடு படுத்திருக்கிற மனுஷனுக்குத்தான் வீடியோ அதிகம் உதவும், அவருடைய முக்கியமான மருந்தைத்தான் வீடியோவில் எழுத முடியாது. இந்த விதியை எழுதியவர்கள் கல்யாண் ஸ்டேஷன் படியில் ஒரு நோயாளியைத் தூக்கி ஏற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று தோன்றும் எனக்கு.

வழி என்னவென்றால், பேலியேடிவ் பிரிவு (வலியையும் வேதனையையும் குறைக்கப் பார்க்கிற பிரிவு) இருக்கிற பல மருத்துவமனைகளில் நோயாளி வராவிட்டாலும் ஃபைலோடு வீட்டு ஆள் நேரில் போனால் மருந்து தருகிறார்கள். உங்கள் இடத்தில் அந்த வசதி உண்டா, ஒரு தடவைக்கு எத்தனை நாளுக்குத் தருவார்கள், என்ன அடையாள அட்டை வேண்டும் என்பதை முன்கூட்டியே கேளுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கிற ஹோம்கேர் குழு உங்கள் பகுதிக்கு வருமா என்றும் அங்கேயே கேளுங்கள். மாத்திரை தீர்ந்த அன்று கிளம்பக் கூடாது, ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே கிளம்ப வேண்டும், ஏனென்றால் மார்ஃபினைத் திடீரென்று நிறுத்தினால் வலியும் திரும்பும், உடம்பும் படுத்தும். எண்ணி டப்பாவில் போட்டு அலமாரியில் பூட்டி வையுங்கள்.

மற்றதை வீடியோவில் தாராளமாகப் பேசலாம். ஏற்கெனவே எழுதித் தந்த மாத்திரையைச் சரியான இடைவெளியில் சாப்பிடுகிறாரா, நடுவில் வலி வந்தால் என்ன, மலச்சிக்கலுக்கு மருந்து சேர்த்திருக்கிறார்களா. மார்ஃபின் சாப்பிடுகிறவர்களுக்கு மலச்சிக்கல் கிட்டத்தட்ட நிச்சயம், வலியைவிட அதுதான் கொடுமை என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். வீடியோவில் பேசினால் நேரில் பேசிய மாதிரி ஆகுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் 22 மருத்துவமனைகளில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 1,250 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2024ல் எழுதினார்கள். பேலியேடிவ் டாக்டரை வீடியோவில் பார்த்தவர்களும் நேரில் பார்த்தவர்களும் வாழ்க்கைத் தரத்தில் ஒரே அளவில்தான் இருந்தார்கள்.

மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்று உங்கள் நாத்தனார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் சொன்ன அளவில் வலிக்குச் சாப்பிடுகிறவர் அடிமையாவது ரொம்ப அபூர்வம். நாத்தனாரை ஒரு ராத்திரி அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒன்று. கடிதத்தின் கடைசிப் பக்கம் முழுக்க உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறீர்கள், அதை இங்கே போடவில்லை. டெலி மானஸ் என்று அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, 14416. காசு கிடையாது, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம்.

விழுப்புரத்தில் அத்தைக்கு ஓவரியில் கட்டி, பயாப்ஸி முடிந்துவிட்டது. மும்பைக்கு வராமலே டாட்டா டாக்டர்களிடம் அபிப்பிராயம் கேட்க முடியுமா? ரிப்போர்ட்டுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா?

முடியும். டாட்டா மெமோரியல் முன்னின்று 2012ல் தொடங்கிய நேஷனல் கேன்சர் கிரிட் என்ற கூட்டமைப்பில் இப்போது நாடு முழுக்க 300க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. அதோடு சேர்ந்து நவ்யா என்ற இணையச் சேவை நடக்கிறது. ரிப்போர்ட்டுகளை அதில் ஏற்றினால் நிபுணர்கள் பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்வார்கள். அத்தை சிகிச்சையை ஊர்ப் பக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, அதுவும் கிரிட்டில் உள்ளதுதான்.

ஆனால் நீங்கள் எனக்கு அனுப்பிய மாதிரி அனுப்பாதீர்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் பாதி, ஸ்கேன் ஃபிலிமை ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்து எடுத்த போட்டோ, அதில் உங்கள் கட்டைவிரல். ரிப்போர்ட்டுகளைப் பக்க வரிசையில் பிடிஎஃப் ஆக்குங்கள். ஸ்கேன் சென்டரில் சிடியோ லிங்க்கோ கேட்டால் தருவார்கள், ஃபிலிம் போட்டோ உதவாது. பயாப்ஸி செய்த லேபில் அந்தச் சதையை வைத்த ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் இருக்கும். அதைக் கேட்டு வாங்கலாம். சில சமயம் ரிப்போர்ட்டை நம்பாமல் அந்தச் சதையையே மறுபடி பார்க்க வேண்டும் என்பார்கள், அப்போது கூரியரில் போக வேண்டியது அதுதான்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு டாக்டர் வீடியோவில் பார்த்து 40 நாளில் கட்டியைக் கரைக்கிறேன் என்கிறார். முன்பணம் 18,000. நம்பலாமா?

வேண்டாம். போனில் வைத்தியம் பார்க்கிற எந்த டாக்டரும் தன் பதிவு எண்ணை மருந்துச் சீட்டில் காட்ட வேண்டும். கேட்டுப் பாருங்கள், குரூப்பிலிருந்து உங்களைத் தூக்கிவிடுவார்.

பதினோரு மணிக்கு என்று சொல்லிவிட்டு ஒன்றரைக்குக் கால் வருகிறது, நாலு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. எதற்கு இது?
(பலர்)

நியாயமான கோபம். என் அக்காவுக்கு ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து வந்த கால், அவள் வாய்ப்புண்ணைப் பற்றி ஆரம்பித்ததும் கட்டாகிவிட்டது, திரும்ப வரவில்லை, கட்டணம் மட்டும் கழிந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்குக் கஞ்சி கூட இறங்கவில்லை. அதிலிருந்து நான் எல்லோருக்கும் சொல்வது, 'வணக்கம் டாக்டர்' முடிந்ததும் மிக மோசமான தொந்தரவை முதலில் சொல்லுங்கள். சர்க்கரை, பிரஷர், போன வாரம் வந்த சளி எல்லாம் அப்புறம். மூன்று கேள்வியைத் தாளில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். போனை வைப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் வாங்கிக்கொள்ளுங்கள்: அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதி, அதுவரைக்கும் ஏதாவது ஆனால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். மருந்துச் சீட்டு அன்றைக்கே வரவில்லை என்றால் மறுநாள் காலையில் விடாமல் கேளுங்கள். மருந்தின் பெயரை வாயால் கேட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள், புற்றுநோய் மருந்துகளில் ஓர் எழுத்து மாறினால் மருந்தே வேறு.

எனக்கு வயது 68. மார்பகப் புற்றுநோய்க்கான ஐந்து வருட மாத்திரையில் நாலாவது வருடம். பையன் எல்லாம் வீடியோவிலேயே பார்த்துக்கொள்ளலாம், உனக்கு எதற்கு அலைச்சல் என்கிறான். எனக்கு நேரில் போகத்தான் பிடிக்கிறது. அங்கே என்னோடு கீமோ எடுத்த இரண்டு பேர் வருவார்கள், மூன்று பேரும் வாசலில் டீயும் வடாபாவும் சாப்பிட்டுவிட்டு வருவோம். இது தப்பா சிஸ்டர்?
(சயான் வாசகி)

தப்பே இல்லை அம்மா. மார்பகப் புற்றுநோய் மாத்திரையில் இருக்கிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு மேமோகிராம் எப்படியும் எடுக்க வேண்டும், டாக்டர் கையால் தொட்டும் பார்க்க வேண்டும், அதற்கு வீடியோ ஆகாது. இதைப் பையனிடம் காட்டுங்கள். நடுவில் வருகிற ஒரு செக்கப்பை அவன் ஆசைக்கு வீடியோவில் வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் வருவதாக இருந்தால் நல்லது, சயானில் தண்ணீர் நிற்கிற அழகு உங்களுக்குத் தெரியாததா. மற்ற தேதிகளை அந்த இரண்டு பேரிடமும் கேட்டு ஒரே நாளாக வாங்கிக்கொள்ளுங்கள், கவுன்ட்டரில் கேட்டால் முடிந்தவரை தருவார்கள். ரத்தம் வெறும் வயிற்றில் கொடுக்கச் சொல்லியிருந்தால் வடாபாவ் அதற்கு அப்புறம்தான்.